பக்கவாதத்தில் மூடிக்கொண்ட கையைத் திறப்பது எப்படி?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறாவது மாதம். இடது கையிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. விரல்கள் உள்ளே மடங்கி முஷ்டி மாதிரி மூடிக்கிடந்தன. உள்ளங்கையில் வியர்வையும் அழுக்கும் ஊறிக்கொண்டிருந்தன, நடுவிரல் நகம் தோலில் பதிந்திருந்தது. அம்மா முழங்கையைப் பிடிக்க, தம்பி மணிக்கட்டைப் பிடிக்க, நான் விரலைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகியது. அப்பா வலியில் கத்தினார். மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் ஒற்றை ஆளாக அரை நிமிடத்தில் அதே கையைத் திறந்தார். அவர் முதலில் தொட்டது விரலை இல்லை, மணிக்கட்டைத்தான். அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. விரல் மடங்கி நிமிராமல் போக வேறு காரணங்களும் உண்டு. மடக்கிய விரல் 'டக்'கென்று சொடுக்கி நிமிர்ந்தால் அது டிரிகர் ஃபிங்கர், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் மடங்கினால் முழங்கையில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், தொழுநோயாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பதிவு பக்கவாதத்தில் மூடிய கைக்கு மட்டும்.

ஏன் இப்படி மூடிக்கொள்கிறது? தசையை இழுத்தால் அது திருப்பி இறுகுவது உடம்பின் இயல்பு. அந்த இறுக்கத்தை மூளை அளவோடு வைத்திருக்கும். பக்கவாதத்தில் அந்தக் கடிவாளம் அறுந்துவிடுகிறது. இதற்குப் பெயர் ஸ்பாஸ்டிசிட்டி. 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் தந்த வரையறையில் முக்கியமான சொல் 'வேகம்'. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு முரண்டு பிடிக்கும். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த தப்பு அதுதான்.

படி 1: உட்காரவையுங்கள், சொல்லிவிட்டுத் தொடுங்கள்

வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து முடித்த நேரம் நல்லது. குளிர்ந்த கை கூடுதலாக இறுகும். மடியில் ஒரு தலையணை வைத்து, முழங்கையை மடக்கி, முழுக் கையையும் அதன்மேல் சாய்த்து வையுங்கள். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். வலுவிழந்த தோள் மூட்டு எளிதாக நழுவும். "அப்பா, கையைக் கழுவப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவாக இருக்கலாம், திடீரென்று தொட்டால் உடம்பே திடுக்கிட்டு இறுகும்.

படி 2: மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள்

இதுதான் சாவி. முதலில் உங்கள் கையிலேயே பாருங்கள். கையைத் தளர விட்டு மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாகத் தொங்கவிடுங்கள். விரல்கள் தானாக விரியும். மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்துங்கள், விரல்கள் தானாக மடங்கும். விரலை மடக்கும் தசைகள் இருப்பது முழங்கைக்குக் கீழே. அவற்றின் நாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள், மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல் நுனிக்குப் போகின்றன. மணிக்கட்டை மடக்கினால் கயிறு தளர்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு கையால் அவருடைய மணிக்கட்டைத் தாங்கி, உள்ளங்கைப் பக்கமாக மெதுவாக மடக்குங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம். பத்து, இருபது எண்ணிக் காத்திருங்கள். இறுக்கம் இளகுவது உங்கள் கைக்கே தெரியும்.

படி 3: பிறகு கட்டைவிரல்

பல பேருக்குக் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் சிக்கிக்கிடக்கும். அதன் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேட்டில் உங்கள் விரலை வைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். அது வெளியே வந்தாலே மற்ற விரல்கள் பாதி வழிக்கு வந்துவிடும்.

படி 4: சுண்டுவிரல் பக்கமிருந்து மற்றவை

மணிக்கட்டு மடங்கியே இருக்கட்டும். சுண்டுவிரல் பக்கமாக உங்கள் விரல்களை உள்ளே நுழைத்து, பாயைப் பிரிப்பது போல மெதுவாக விரியுங்கள். நகத்தையோ விரல் நுனியையோ பிடித்து நெம்பினால் சிறு மூட்டுகள் கெடும். நடுவில் கை எதிர்த்தால் விடவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அப்படியே பிடித்துக் காத்திருங்கள். அவர் கொட்டாவி விட்டாலோ தும்மினாலோ அந்தக் கை தானாக அசையலாம், இறுகலாம். அப்பா ஒருமுறை கொட்டாவி விட்டபோது கை தானாக மேலே எழுந்தது. "கை வந்துருச்சு!" என்று அம்மா அழுதுவிட்டார். அது கை வந்ததில்லை என்று பிறகு எப்படிச் சொல்வது?

மணிக்கட்டை முழுதாக மடக்கியும், மெதுவாகச் செய்தும், ஒரு விரல் மரக்கட்டை மாதிரி ஓரிடத்தில் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் மூட்டே சுருங்கியிருக்கலாம். அதைப் பலவந்தமாக நிமிர்த்துவது வீட்டில் செய்யும் வேலையில்லை.

படி 5: விரல் விரிந்த நிலையில் மணிக்கட்டை உயர்த்துங்கள்

விரல்களை விரித்துப் பிடித்தபடியே மணிக்கட்டை மெல்ல நேராகக் கொண்டுவாருங்கள். இழுப்பு தெரியும் இடத்தில் நின்று, ஓரிரு நிமிடம் பிடியுங்கள். தினம் இரண்டு தடவை செய்யச் சொல்லியிருந்தார் எங்கள் பிசியோ. இந்த நீட்டலால் மட்டும் விரல் நிரந்தரமாக நிமிரும் என்று நம்பிவிடாதீர்கள். அதற்கான ஆய்வுச் சான்று பலவீனம்தான். கை திறந்து சுத்தமாக இருக்கிறது, சட்டை போடுவது சுலபமாகிறது. எனக்கு அதுவே போதும்.

படி 6: கழுவி, முழுக்கத் துடையுங்கள்

வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு. சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள், அவருக்குச் சூடு தெரியாமல் போகலாம். விரல் இடுக்கு, மடிப்பு எல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். பவுடர் போடாதீர்கள், வியர்வையில் கட்டிகட்டியாகிவிடும். நகத்தை வாரம் ஒருமுறை வெட்டி, முனையை அரத்தால் ராவிவிடுங்கள். சிவப்பு, வெள்ளைப் படலம், புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 7: உள்ளே ஒரு துணிச்சுருள்

பழைய பருத்தித் துண்டை ஒரு பக்கம் மெலிதாகவும் மறுபக்கம் தடிமனாகவும் சுருட்டுங்கள். மெலிந்த முனை கட்டைவிரல் பக்கம், தடித்த முனை சுண்டுவிரல் பக்கம். நகம் பதியாது, வியர்வையும் உறிஞ்சும். தினமும் துவைத்ததை மாற்றுங்கள்.

ஸ்பிளின்ட், அதாவது கையை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் பட்டை, வாங்கலாமா என்று கேட்பீர்கள். 2007-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பக்கவாதம் வந்த புதிதில் நான்கு வாரம் இரவுகளில் மணிக்கட்டு ஸ்பிளின்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மணிக்கட்டு சுருங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கடையில் கிடைப்பதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். சிகிச்சையாளர் அளவெடுத்துக் கொடுத்தால் போடுங்கள், கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை

எங்கள் சித்தப்பா ஒரு ரப்பர் பந்து வாங்கிவந்து "அமுக்கிக்கிட்டே இருங்கண்ணே" என்றார். ஏற்கெனவே மூடத் துடிக்கும் கைக்கு மேலும் மூடப் பயிற்சி எதற்கு? இந்தக் கைக்குத் திறப்பதுதான் வேலை என்று பிசியோ அந்தப் பந்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். சுடச்சுட ஒத்தடம் கொடுத்து வலுவாக உருவிவிடுவதும் ஆபத்து. தைலம் தடவுவதில் தப்பில்லை, நிமிர்த்திவிடும் என்று காத்திருப்பதுதான் தப்பு.

நேற்றுவரை திறந்த கை இன்று திடீரென்று இறுகினால், கையை மட்டும் பார்க்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் என உடம்பில் எங்கே தொந்தரவு இருந்தாலும் இறுக்கம் கூடும். அப்பாவுக்கு ஒருமுறை நான்கு நாள் மலச்சிக்கல்தான் காரணம்.

மருத்துவரிடம் போகும்போது

இறுக்கத்தைத் தளர்த்த பேக்லோஃபென் போன்ற மாத்திரைகள் உண்டு. தூக்கத்தையும் சோர்வையும் தரலாம், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. குறிப்பிட்ட தசைகளில் மட்டும் போடும் பொட்டுலினம் ஊசியும் இருக்கிறது. சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும், பிறகு மீண்டும் போட வேண்டும். மூட்டே சுருங்கிவிட்டால் இந்த ஊசி உதவாது, நாணை நீட்டிவிடும் அறுவைசிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

எந்தத் தசையில் எவ்வளவு என்று மருத்துவர் முடிவு செய்ய, நீங்கள் சொல்வது உதவும். நாங்கள் முதல் தடவை போய் "கை நிமிரலை டாக்டர்" என்றோம், ஒரு மாத்திரையோடு திரும்பினோம். இரண்டாம் தடவை அம்மா சொன்னது: "கட்டைவிரல் உள்ள சிக்கிக்குது, நகம் வெட்ட முடியலை, சட்டைக் கையில முழங்கை நுழைய மாட்டேங்குது." டாக்டர் பேனாவை எடுத்து, ஊசி போட வேண்டிய இடங்களுக்கு அப்பாவின் கையில் புள்ளி வைக்க ஆரம்பித்தார்.