வயிற்றில் அடிபட்டுப் புடைத்தால் ரத்தக்கட்டு என்று விட்டுவிடாதீர்கள்

பைக் சறுக்கும்போது ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தும். சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். தோல் கிழியாது, வட்டமாகக் கன்றிய தடம் மட்டும் இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் புடைத்தால் வீட்டில் ரத்தக்கட்டு என்பார்கள். பல சமயம் அதுதான். ஆனால் தோலுக்கு இழுவை உண்டு, அடியில் உள்ள தசைக்கும் அதன் உறைக்கும் அவ்வளவு இல்லை. தோல் தாங்கிக்கொள்ள, உள்ளே கிழிந்து, அந்த ஓட்டை வழியாகக் குடல் பிதுங்கியிருக்கலாம். இதுவும் ஹெர்னியாதான்.

மல்லாந்து படுத்தால் புடைப்பு அமுங்கி, இருமும்போது மேலே எழுந்தால் ஹெர்னியா என்று சந்தேகியுங்கள். அமுங்கவில்லை என்பதற்காக நிம்மதியும் வேண்டாம்: குடல் சிக்கியிருக்கலாம், ரத்தக்கட்டும் கூடவே இருக்கலாம். அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் பத்துப் போடுவதும் கூடவே கூடாது. ரத்தத்தை எடுத்துவிடலாம் என்று யாராவது ஊசி குத்த வந்தால், ஸ்கேன் பார்க்காமல் விடாதீர்கள். ஊசி குடலில் இறங்கிவிடும்.

சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை சிகிச்சையும் சி.டி. ஸ்கேனும் உள்ள இடம் தேவை. புதுச்சேரிப் பக்கம் என்றால் ஜிப்மர். விபத்து எல்லை ஊரான முள்ளோடைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், தமிழ்நாடு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்ட வரம்புக்குள், இலவசம். கேட்டு வாங்குங்கள்.

டாக்டரிடம் எது குத்தியது, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். கார் விபத்தென்றால் சீட் பெல்ட் தடத்தைக் காட்டுங்கள். இடுப்பெலும்பில் பதிய வேண்டிய பெல்ட் வயிற்றில் ஏறியிருந்தால் விலாவுக்குக் கீழே பக்கவாட்டிலும் கிழியும். அங்கே புடைப்பு எளிதில் கண்ணில் படாது.

சி.டி. ஓட்டையை நன்றாகக் காட்டும். குடலில் விழுந்த சிறு கிழிசலை முதல் ஸ்கேன் தவறவிடுவதுண்டு. அதனால்தான் "ஒருநாள் இருக்கட்டும்" என்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கிளம்பாதீர்கள். வாந்தி, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, பலகைபோல இறுகும் வயிறு, இவற்றில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

குடல் கிழிந்திருந்தால் உடனே ஆபரேஷன். மலம் சிந்திய வயிற்றில், ஓட்டையை அடைக்கும் செயற்கை வலை வைத்தால் சீழ் பிடிக்கும் என்பதால், பெரும்பாலும் தையல் மட்டும் போட்டு வலையைப் பிறகு பார்ப்பார்கள். உள்ளே சேதமில்லை என்றால் ஓட்டையைச் சரிசெய்வதைச் சில வாரம் தள்ளிப்போடவும் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்தபின் குறைந்தது 6 வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். முக்கினால் தையல் விடும்.