ரம்மிக் கையோடு போக்கருக்கு உட்காராதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உறவில் கல்யாணம் என்றால், முதல் நாள் ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமுக்காளம் விரித்துவிடுவோம். விடிய விடிய ரம்மி. அப்படி ஒரு ராத்திரியில்தான் ஹாஸ்டலில் படிக்கிற அண்ணன் மகன், "சித்தப்பா, இன்னைக்கு போக்கர் ஆடுவோம்" என்று ஆரம்பித்தான். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. ரம்மியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நாங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாதிப் புளியங்கொட்டை அவன் முன்னால் குவிந்துவிட்டது. எங்களைக் கவிழ்த்தது ரம்மிப் பழக்கம்தான் என்பது மறுநாள் பந்தியில் உட்கார்ந்து பேசும்போதுதான் உறைத்தது.

அவன் சொல்லிக்கொடுத்தது 'டெக்சாஸ் ஹோல்டெம்'. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுப்பார்கள். நடுவில் முதலில் மூன்று (ஃப்ளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்) என்று ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். ஆக மொத்தம் ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. நடுவில் சீட்டு இறங்குவதற்கு முன்னும், ஒவ்வொரு விரிப்புக்குப் பின்னும் பந்தயம் ஏறும்.

ரம்மியில் எடுத்த எடுப்பில் ஸ்கூட் விட்டாலும் (ஆடாமல் விலகினாலும்) 20 பாயின்ட் போய்விடும். அதனால் சொத்தைக் கையைக்கூட இழுத்துப் பார்ப்போம். போக்கரில் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே போடும் கட்டாயப் பந்தயம்) கட்டும் இரண்டு பேரைத் தவிர மற்றவர்களுக்கு, முதல் சுற்றில் கீழே வைத்தால் காலணா நஷ்டமில்லை. ஆனாலும் கை கேட்காது. எட்டொன்பது பேர் உட்கார்ந்த ஆட்டத்தில் புதிதாக ஆடுகிறவர் பத்துக் கையில் ஏழெட்டைக் கீழே வைக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். ஜோடி, அல்லது ஆஸ், ராஜா, ராணி போல இரண்டு பெரிய சீட்டு வந்தால் ஆடலாம். ஜோடி ஆஸுக்காகக் காத்திருந்தாலோ, சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும்.

"ரெண்டும் ஆட்டினு மாப்ளே" என்று எங்கள் மாமா ஒருவர் ஒன்பதையும் மூன்றையும் வைத்துக்கொண்டு ரிவர் வரை போவார். கையில் இரண்டும் ஒரே ஜாதியாக இருந்தால், ஐந்து சீட்டும் விரிந்த பிறகு ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) அமைவது நூற்றுக்கு ஆறு தடவைதான். அதே மாமா, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது சேர்ந்த கையை, ஜாதி கலந்திருக்கிறது என்று தூக்கிப் போட்டார். ரம்மியில் அது சீக்வென்ஸ் இல்லை. போக்கரில் அது ஸ்ட்ரெய்ட், ஜெயிக்கிற கை. அண்ணன் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்தது உட்காரும் இடம். வாய்க்காலில் தலைமடைக்காரனுக்குத்தான் முதல் தண்ணீர். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடையில் வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். போக்கரில் இது தலைகீழ், கடைமடைக்காரன்தான் ராஜா. ஃப்ளாப் விரிந்ததும் டீலருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் பேச வேண்டும், டீலர் இடத்தில் இருப்பவர் கடைசியில் பேசுவார். யார் தயங்கினார்கள், யார் ஏற்றினார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் முடிவெடுக்கிறார். முதலில் பேசுகிறவர் இருட்டில் வரப்பில் நடக்கிறார். ஆஸும் பத்தும் எங்கே உட்கார்ந்தாலும் அதே கைதான், ஆனால் தலைமடையில் அதைக் கீழே வைத்துவிடலாம், கடைமடையில் தைரியமாக ஏற்றலாம். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளவே எனக்கு மூன்று கல்யாணம் ஆயிற்று. (எனக்கில்லை, உறவில்!)

நடுச்சீட்டு ஆசைதான் ரம்மிக்காரனுக்கு ஜென்ம வியாதி. ஆறும் ஏழும் ஒன்பதும் பத்தும் இருக்கும், எட்டு வரும் என்று காத்திருப்பான். ரம்மியில் சீட்டு எடுத்துக்கொண்டே இருக்கலாம், ஜோக்கரும் உண்டு. இங்கே ஜோக்கர் கிடையாது. டர்ன் விரிந்தபின் நீங்கள் பார்க்காத சீட்டு 46. அதில் எட்டாம் நம்பர் சீட்டு நான்குதான், நூற்றுக்கு ஒன்பதுகூடத் தேறாது. ஃப்ளஷுக்கு ஒரு சீட்டு குறைந்தால் ஒன்பது சீட்டு உதவும், நூற்றுக்குச் சுமார் இருபது.

இதைக் கொட்டைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் 60 கிடக்கிறது, எதிராளி 30 வைக்கிறார். நீங்களும் 30 போட்டால் குவியல் 120. அதில் கால் பங்கு நீங்கள் இப்போது போட்டது. அப்படியானால் நான்கில் ஒரு தடவையாவது ஜெயிக்கிற கையாக இருக்க வேண்டும். ஃப்ளஷ் ஐந்தில் ஒன்றுதான், வைத்துவிடுங்கள். அவர் 10 மட்டும் வைத்திருந்தால் குவியல் 80, எட்டில் ஒன்று போதும், தாராளமாகப் போடலாம். அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு. 'இவ்வளவு போட்டாச்சே' என்ற பேச்சு வேண்டாம். நடுவில் போன கொட்டை உங்களுடையது அல்ல.

ப்ளஃப் (சொத்தைக் கையை வைத்துக்கொண்டு பெரிய கைபோல ஏற்றி மிரட்டுவது) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே வைக்கத் தெரியாதவரிடம் ப்ளஃப் செய்யாதீர்கள். எங்கள் மாமா எதற்கும் 'கால்' (call, எதிராளி வைத்த அளவு தானும் வைப்பது) சொல்வார். அவரிடம் நல்ல கையோடு மட்டும் போக வேண்டும்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு 2025இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. எங்களுக்குப் புளியங்கொட்டை போதும். ஒரே ஒரு சிக்கல், கொட்டைக்கு மதிப்பில்லை என்று எல்லோரும் எல்லாக் கைக்கும் கால் சொல்வார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நூறும் தீர்ந்தால் மறுபடி கொட்டை கிடையாது, அவர்தான் சமையல்கட்டுக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும். போன தை மாதக் கல்யாணத்தில் மாமா நாலு தடவை படியிறங்கினார்.