பஞ்சுபோல் அமுங்கிய பிரேக்

மலையிலிருந்து நகரத்துக்கு நானும் மனைவியும் காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். பாதி இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. கருகிய வாடை வேறு. "எவ்வளவு நேரமாகக் காலை அதிலேயே வைத்திருக்கிறீர்கள்?" என்றாள். உண்மைதான். இரண்டாம் கியருக்கு மாற்றி, எஞ்சினின் பிடிப்பில் வேகம் குறைந்ததும் ஓரமாக நிறுத்தினேன். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. கொதிக்கும் டிஸ்க் விரிசல் விடலாம். முக்கால் மணி நேரம் ஆறியதும் பெடல் இறுகியது. மீதி இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர்தான்.

நகரத்தில் மெக்கானிக் திறந்து பார்த்தார். பிரேக் ஆயில் கறுத்திருந்தது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். என் காரில் இருந்த டாட் 3 ரக ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரமேறினால் அந்த வரம்பு 140. ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் அமுங்கத்தானே செய்யும்? மூன்று வருடமாக மாற்றாதது என் சோம்பல். பழையதை வடித்து, டாட் 4 ஊற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினோம். திரும்பும்போது ஸ்டியரிங் அவள் கையில்.