ஹாஸ்டலும் இல்லை, ரூமும் இல்லை என்றால் என்ன செய்வது?

நண்பனின் ஹாஸ்டல் அறையில் கெஸ்ட்டாக ஒளிந்து தங்கி, வார்டன் ரவுண்ட்ஸ் வரும்போது பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்குத் தங்க இடமில்லை என்றுதான் பொருள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு நான் இரண்டாம் வருடத்தில் நான்கு மாதம் இப்படியே ஓட்டினேன். நீங்கள் ஓட்டாதீர்கள்.

முதலில் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மார்க் ஷீட், டிசி, சாதி, வருமானச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, பாலிதீன் கவரில் சுற்றி, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். நான் பையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தேன், ஒரு நவம்பர் மழையில் டிசியில் இருந்த அப்பா பெயர் அப்படியே நீலமாகக் கரைந்துவிட்டது. மார்க் ஷீட்டை அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலும் இறக்கி வையுங்கள்.

இன்றிரவுக்கே இடமில்லை, சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் 1913க்கு அழைத்து, மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம் பக்கத்தில் எங்கே என்று கேளுங்கள். பெண்கள் 181க்கு அழைக்கலாம். முதல் வருடத்தில் பலருக்குப் பதினேழு வயதுதான், அவர்களுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. ஸ்டேஷன் பிளாட்பாரம் மட்டும் வேண்டாம். சாப்பாட்டுக்கு அம்மா உணவகம், இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். பகலில் உட்காரக் கோட்டூர்புரம் அண்ணா நூலகம் போங்கள், சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்க அங்கே தனிப் பகுதியே உண்டு.

சரி, நிரந்தரமாக? அரசு கல்லூரி மாணவர் விடுதிகள்தான் வழி. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகள் நடத்தும் இவற்றுக்கு 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். தங்கவும் சாப்பிடவும் பணம் கட்ட வேண்டாம். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்றால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் தூரமும் இருக்க வேண்டும், மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது. அட்மிஷன் தேதி முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுப் போகிறவர்களின் இடம் காலியாகிக்கொண்டேதான் இருக்கும், அதனால் காப்பாளரை நேரில் போய்ப் பாருங்கள். அவர் கையை விரித்தால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இதற்கெல்லாம் கல்லூரியிலிருந்து போனஃபைடு, அதாவது அங்கே படிக்கிறீர்கள் என்ற சான்று வேண்டும், அதற்கு ஒரு ஆசிரியரிடமாவது வாயைத் திறக்க வேண்டும். எனக்கு இதுதான் மலையாக இருந்தது. கடைசியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "மேடம், எனக்குத் தங்க இடமில்லை, ஹாஸ்டலுக்குப் போனஃபைடு வேணும்" என்றேன், அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஆபீஸுக்குப் போய் அவரே கையெழுத்து வாங்கி வந்தார்.