போர்ஷே வீல் போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட், நட் போடுவது எப்படி

911 கார்களில் 993 மாடல் வரை, வீலைத் தாங்கும் ஹப்பில் ஸ்டட்தான், அதாவது வெளியே நீட்டியிருக்கும் மரை போட்ட தண்டுதான், இருந்தது. வீலை அதில் மாட்டி நட்டால் இறுக்குவார்கள். 1996இல் வந்த 986 பாக்ஸ்டர், அதற்கடுத்த ஆண்டு வந்த 996 ஆகியவற்றிலிருந்து போர்ஷே போல்ட்டுக்கு மாறியது. சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது பெரிய தொல்லையல்ல. பந்தயத் தடத்தில் ஓட்டும் டிராக் நாட்களில் காலையில் ஒரு செட் வீலும் மாலையில் இன்னொரு செட்டுமாக மாற்றுபவர்களுக்குத்தான் பிரச்சினை. போல்ட் போகும் ஓட்டை நேராக வரும்வரை கனமான வீலைத் தூக்கிப் பிடித்தே இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், மரை தேய்வது. போல்ட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் தேய்வது ஹப்பின் மரை. அது போனால் ஹப்பை மாற்ற வேண்டும். ஹப்பை இழுத்து எடுக்கும்போது பேரிங்கும் சேர்ந்து போகும், பிரஸ் வேலையும் உண்டு. ஸ்டட் போட்டுவிட்டால் ஹப்பின் மரையை யாரும் தொடுவதில்லை. தேய்மானம் ஸ்டட்டோடும் நட்டோடும் நின்றுவிடும். அவை இரண்டும் எளிதாக மாற்றக்கூடியவை.

ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வீல் கழற்றுபவருக்கு இந்த மாற்றம் தேவையில்லை. ஹப்பில் திருகி வீலைத் தொங்கவிடும் வழிகாட்டி முளை இரண்டு வாங்கிக்கொண்டால் போதும். செராமிக் டிஸ்க் உள்ள வண்டியிலும் இரண்டு முளை போட்டுத்தான் வீலைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வீல் இடித்து டிஸ்க் ஓரம் உடையும்.

கீழே உள்ளவை 986, 996, 987, 997 வண்டிகளின் ஐந்து போல்ட் ஹப்புக்கு. 2009இல் வந்த 997 ஜிடி3 போல நடுவில் ஒரே நட் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது.

வாங்க வேண்டியவை

ஸ்டட் 20, நட் 20. மரை எம்14, பிட்ச் (மரையின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 1.5 மி.மீ. நட்டின் தலை 19 மி.மீ. ஸ்டட்டின் வலிமை 10.9 தரத்துக்குக் குறையக் கூடாது, நட் எஃகில் இருக்கட்டும். இரு பக்கமும் திறந்த நட் வாங்குங்கள். ஸ்டட் முனை வெளியே தெரிந்தால்தான் மரை முழுதாகப் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். டிராக்கில் வண்டியைச் சோதிப்பவர்களும் அதைத்தான் தேடுவார்கள். ஸ்டட்டின் வெளிமுனை மரையில்லாமல் கூம்பாக இருந்தால் நட் சாய்ந்து ஏறாது.

பலர் கோட்டைவிடுவது நட் உட்காரும் முகத்தில். போர்ஷே வீலின் குழிவு உருண்டை வடிவம், 14 மி.மீ. ஆரம். வெளி நிறுவனங்கள் செய்யும் வீல்கள் பலவற்றில் 60 டிகிரி கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழிவில் போட்டாலும் டார்க் ரென்ச் (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் காட்டும் ஸ்பேனர்) ஒழுங்காகவே 'டிக்' என்னும். ஆனால் தொடுவது மெல்லிய ஒரு வளையம் மட்டுமே. ஓடும்போது அலுமினியம் அந்த இடத்தில் அமுங்கும், இறுக்கம் போகும். சந்தேகமிருந்தால் நட்டின் முகத்தில் மார்க்கர் மை பூசி, கையால் இறுக்கி, லேசாகத் திருப்பிக் கழற்றிப் பாருங்கள். மை அகலமான பட்டையாக அழிந்திருந்தால் சரி. நூல் போல ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் அது வேறு வடிவ நட்.

கம்பெனி போல்ட்டில் உருண்டை வளையம் தலையோடு ஒட்டாமல் தனியாகச் சுழலும். இறுக்கும்போது வளையம் வீலில் அசையாமல் நிற்கும், தலை மட்டும் திரும்பும். நட்டிலும் அதே போல இரண்டு துண்டாக வருவதையே தேர்ந்தெடுங்கள். ஒரே துண்டு நட் அடிக்கடி கழற்றும் வீலின் குழிவைச் சுரண்டிக்கொண்டே போகும்.

நீளம்

கடையில் சொல்லும் நீளத்தை நம்பி வாங்காமல் வெர்னியர் வைத்து அளந்து கணக்குப் போடுங்கள். அளவுகள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: ஹப்பில் பிடிக்கும் மரை 15, டிஸ்க் 7, வீலின் பின்முகத்திலிருந்து நட்டின் உள்முனை நிற்கும் இடம் வரை 12, நட்டின் மரை 24, நட்டுக்கு வெளியே 3. ஆக 61 மி.மீ. கூம்பு முனை 12 மி.மீ. என்றால் மொத்தம் 73, 75 மி.மீ. ஸ்டட் போதும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் 7 மி.மீ. ஸ்பேசர் தட்டு போட்டால் அதே கணக்கு 80 ஆகிவிடும், 75 பற்றாது.

நட்டுக்குள்ளும் ஹப்புக்குள்ளும் குறைந்தது 14 மி.மீ. மரை, அதாவது ஒன்பது, பத்துச் சுற்று பிடிக்க வேண்டும். ஹப்பில் கம்பெனி போல்ட் எத்தனை சுற்று ஏறியது என்று கழற்றும்போதே எண்ணி வையுங்கள். ஸ்டட் அதற்குக் குறையக் கூடாது.

மிக நீளமாக இருந்தாலும் ஆபத்துதான். பின்பக்க டிஸ்க்கின் உள்ளே ஹேண்ட் பிரேக் ஷூ இருக்கிறது. ஹப்பின் பின்னால் துருத்தும் ஸ்டட் அந்த அமைப்பில் இடிக்கும்.

மாட்டுவது

வண்டி தரையில் இருக்கும்போதே போல்ட்களை அரைச் சுற்று தளர்த்துங்கள். பிறகு ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், மற்ற வீல்களுக்குக் கட்டை வையுங்கள். பின்பக்க ஹப்பைச் சுழற்றிப் பார்க்க ஹேண்ட் பிரேக்கை விட வேண்டியிருக்கும், அதனால் கட்டை கட்டாயம்.

ஹப்பின் மரையைச் சுத்தம் செய்ய மரை வெட்டும் டேப் வேண்டாம். அது உலோகத்தையும் சேர்த்து எடுக்கும். மரையைத் துப்புரவு செய்ய மட்டும் இருக்கும் சேசரை விட்டு, பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதுங்கள். பழைய கிரீஸ் கொஞ்சம் மிஞ்சினாலும் லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) பிடிக்காது. போர்ஷே போல்ட்டில் அலுமினியம் பேஸ்ட் பூசும் வழக்கம் உண்டு, ஆகவே இரண்டு முறை கழுவுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் சிறு ஸ்க்ரூ இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

முதலில் லாக்டைட் இல்லாமல் ஐந்து ஸ்டட்டையும் கையால் ஏற்றுங்கள். ஹப்பைச் சுழற்றிக் காது கொடுங்கள். பின்னால் எதுவும் உரசக் கூடாது. டிஸ்க்கிலிருந்து ஸ்டட் முனை வரை ஐந்தையும் அளந்தால் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து வீலை மாட்டி நட்டை ஏற்றுங்கள். ஸ்டட்டின் நடுவில் மரையில்லாத பகுதி இருந்தால், நட் அதில் முட்டி நிற்கிறதா என்று உற்றுப் பாருங்கள். முட்டினால் இறுக்கம் முழுவதும் ஸ்டட்டுக்கே போகும். வீல் சும்மா தொங்கும், டார்க் ரென்ச் அதைக் காட்டிக்கொடுக்காது.

எல்லாம் சரியென்றால் ஸ்டட்களைக் கழற்றி, ஹப்புக்குள் போகும் மரையில் சிவப்பு லாக்டைட் இரண்டு மூன்று சொட்டு சுற்றிலும் விடுங்கள். 271 வகை 150 டிகிரி வரை தாங்கும். டிராக்கில் பிரேக் சூடு ஹப்புக்கும் ஏறும் என்பதால், 200 டிகிரிக்கு மேலும் தாங்கும் 272 நல்லது. முனையில் ஆலன் கீ துளை இருந்தால் அதைக் கொண்டும், இல்லையென்றால் இரண்டு நட்டை ஒன்றுக்கொன்று இறுக்கிக்கொண்டும் ஏற்றுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஸ்டட் தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அதே அளவு. கொடுக்காவிட்டால் 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் போக வேண்டாம். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

24 மணி நேரம் அப்படியே விடுங்கள். குளிர்ந்த ஷெட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இரண்டு மணி நேரத்தில் வீல் மாட்டுபவர்களுக்குத்தான் அடுத்த முறை நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வரும்.

இறுக்குவது

ஐந்து நட்டும் முதலில் விரலால் ஏற வேண்டும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வரிசையில் 60 நியூட்டன் மீட்டர்; டயர் தரையைத் தொட்டதும் அதே வரிசையில் 130. இந்த 130 மேலே சொன்ன நான்கு மாடல்களுக்கு. அவற்றுக்கு அடுத்து வந்த 981, 991 வண்டிகளில் போர்ஷே சொல்வது 160. நட்டை உலர்வாகப் போட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் பேஸ்ட் பூசாதீர்கள். மரை வழுக்கினால் அதே 130இல் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆறிய வீலில் மறுபடி பார்க்கவும். டிராக்கிலிருந்து சுடச்சுட வந்த வீலில் சரிபார்த்து இறுக்கினால், ஆறிய பிறகு அந்த அளவு நிற்காது.

பின்னால் வரும் கோளாறுகள்

ஸ்டட் உடைவது பெரும்பாலும் ஏர் கன்னால். கன்னால் கழற்றலாம், இறுக்கக் கூடாது. ஒன்று உடைந்தால் அந்த ஹப்பின் ஐந்தையும் மாற்றுங்கள். உடைந்ததன் சுமையை மற்ற நான்கும் சுமந்திருக்கும். இழுபட்ட ஸ்டட்டைக் கண்டுபிடிக்க புது நட்டை விரலால் ஓட்டிப் பார்த்தால் போதும். ஒரே இடத்தில் பிடித்து நின்றால் மரை அங்கே நீண்டிருக்கிறது. நட்டோடு சேர்ந்து வந்த ஸ்டட்டை அப்படியே திருப்பிச் செருகாமல், பழைய லாக்டைட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்யவும். தானாக வராத ஸ்டட்டைக் கழற்ற வேண்டுமென்றால் 250 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பக்கத்தில் பேரிங்கின் சீலும் ஏபிஎஸ் சென்சாரும் இருப்பதால் திறந்த தீயை நீட்டாமல் ஹீட் கன்னோ இண்டக்‌ஷன் சுருளோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் வீல் உள்ள வண்டியாக இருந்தால் அதன் குழிவிலும் இந்த நட் சரியாக உட்காருகிறதா என்று இப்போதே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.