உச்சரிப்பே தெரியாத சீன எழுத்தை அகராதியில் தேடுவது எப்படி?

தமிழில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் வாசிக்கத் தெரியும். அகர வரிசையைப் பிடித்துக்கொண்டு சரியான பக்கத்துக்குப் போய்விடலாம். சீனத்தில் அந்த வசதி கிடையாது. தெரியாத எழுத்து என்றால் அதன் ஒலியும் தெரியாது. அதனால் எழுத்தின் உருவத்தை வைத்தே தேடும் முறை ஒன்றை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பழகிவிட்டால் ஒரு நிமிட வேலை.

கேமராவைக் காட்டினால் ஃபோனே சொல்லிவிடுமே என்பீர்கள். சொல்லும். பிளெகோ மாதிரி செயலிகளில் விரலால் வரைந்தும் தேடலாம். கடைப் பலகையைப் படிக்க அது போதும். ஆனால் படிக்கக் கற்றுக்கொள்ளும் முதல் சில மாதங்களாவது கையால் தேடுங்கள் என்பேன். ஃபோன் விடையை மட்டும் கொடுக்கும், எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் கண்ணைக் கொடுக்காது.

அகராதி வாங்கும்போது

சீனப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ஷின்ஹுவா அகராதி 1953 முதல் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. விளக்கமெல்லாம் சீனத்திலேயே இருப்பதால் நமக்கு இப்போது ஆகாது. சீன-ஆங்கில அகராதி எதுவானாலும் பரவாயில்லை, ரேடிக்கல் (எழுத்தை வகைப்படுத்தும் தலைப்பு உறுப்பு) அட்டவணை இருக்க வேண்டும். இன்னொன்று: சீனா, சிங்கப்பூர், மலேசியாவில் எளிமையாக்கிய எழுத்து, தைவான், ஹாங்காங்கில் மரபு எழுத்து. 'குதிரை' என்ற எழுத்துக்கு மரபில் 10 கோடுகள், எளிமையாக்கியதில் 3. கோடுகளை எண்ணித்தான் தேடப்போகிறோம் என்பதால், படிக்கிற புத்தகமும் அகராதியும் ஒரே வகையாக இருப்பது முக்கியம்.

படி 1: எழுத்தைப் பிரியுங்கள்

தாளும் பேனாவும் எடுத்து, சொல்லச் சொல்ல வரையுங்கள். இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளிகள். கடைசித் துளி மட்டும் மேல்நோக்கிச் சீறும். வலப்பக்கம் மேலே மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றின் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அதற்குக் கீழே, அடிப்பக்கம் திறந்த ஒரு நீளப் பெட்டி, உள்ளே இரண்டு குட்டிக் கோடுகள்.

இதில் இடப்பக்கத்து மூன்று துளிதான் ரேடிக்கல். அது தண்ணீரைக் குறிக்கும். ஆறு, ஏரி, கடல் மூன்றுக்கும் இடப்பக்கம் இதே துளிகள்தான்.

கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் என்ற சீன அறிஞர் எழுத்துகளை 540 தலைப்புகளில் பிரித்தார். 1615-இல் மெய் யிங்ட்ஸுவோ என்ற அறிஞர் அதை 214 ஆகக் குறைத்து, கோடுகளின் எண்ணிக்கைப்படி வரிசையும் படுத்தினார். 47,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட காங்ஷி அகராதி 1716-இல் அதே வழியில் வெளிவந்தது. இன்றைய அகராதிகளில் எண்ணிக்கை சற்று மாறும், முறை மாறாது. 214-ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தண்ணீர், வாய், கை, ஆள், மரம், இதயம், பேச்சு, புல், பெண் என அடிக்கடி வருவதை முதலில் பிடியுங்கள்.

படி 2: கோடுகளை எண்ணுங்கள்

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். பேனாவை எடுக்காமல் எழுதுவது எத்தனை முறை திரும்பினாலும் ஒரே கோடு. 'வாய்' ஒரு சதுரம். நான்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் இடப்பக்கம் ஒன்று, மேலே போய் வலப்பக்கம் திரும்பி இறங்குவது ஒன்று, அடியில் ஒன்று, மொத்தம் மூன்றுதான்.

நம் எழுத்துக்கு வருவோம். துளிகள் 3. வலப்பக்கம் மேலே 4. கீழே பெட்டியின் இடக்கால் 1, மேலே ஓடித் திரும்பி இறங்குவது 1, உள்ளே 2, ஆக 4. வலப்பக்கம் மொத்தம் 8.

படி 3: இரண்டு அட்டவணைகள்

முதல் அட்டவணையில் 3 கோடு ரேடிக்கல்களில் மூன்று துளியைக் கண்டுபிடித்தால் பக்கத்திலேயே ஓர் எண் இருக்கும். (சில அகராதிகளில் அது தண்ணீரின் முழு வடிவத்துடன், 4 கோடு பகுதியில் இருக்கும்.) அந்த எண் இரண்டாவது அட்டவணைக்கு அழைத்துப் போகும். அங்கே தண்ணீருக்குக் கீழே, ரேடிக்கலைக் கழித்து மீதி 8 கோடு உள்ள எழுத்துகள் வரிசையாக நிற்கும். நம்முடையதைக் கண்டதும் அதன் பக்க எண்ணுக்குப் போங்கள்.

படி 4: பதிவை முழுதாக வாசியுங்கள்

உச்சரிப்பு பின்யினில், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையில் இருக்கும்: 'ச்சிங்', முதல் தொனி (தொனி என்பது பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்). பின்யினில் இது க்யூ எழுத்தில் தொடங்கும். ஆங்கிலப் பழக்கத்தில் 'க்விங்' என்று வாசித்துவிடாதீர்கள். பொருள்: தெளிந்த, தூய, கணக்குத் தீர்ப்பது. காங்ஷி பேரரசரின் ச்சிங் வம்சத்துக்கும் இதே எழுத்துதான் பெயர். இனி இந்த எழுத்துக்கு அட்டவணையே வேண்டாம், ஒலி வரிசையில் நேராகப் போகலாம்.

இத்தோடு மூடிவிடாதீர்கள். கீழே இந்த எழுத்து சேர்ந்து வரும் சொற்கள் இருக்கும். சில சீன உணவகப் பலகைகளில் இதனுடன் 'உண்மை' என்ற எழுத்தும் சேர்ந்து 'ச்சிங்ஜென்' என்று இருக்கும். தூய்மையான உண்மை என்று நினைத்தால் தவறு, ஹலால் உணவு கிடைக்கும் என்று பொருள். எழுத்தை மட்டும் தேடிப் பொருளைக் கூட்டிப்போட்டால் இப்படித்தான் ஆகும். அதனால் எழுத்து, பிறகு சொல் என்று இரண்டு முறை தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பயிற்சி

வலப்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் மாற்றித் தேடுங்கள். பேச்சு வந்தால் 'தயவுசெய்து', மூன்றாம் தொனி. சூரியன் வந்தால் வெயிலடிக்கும் வானம், இதயம் வந்தால் உணர்ச்சி. இரண்டும் இரண்டாம் தொனி. எல்லாமே 'ச்சிங்'. ஒலியை வலப்பக்கமும் பொருளின் சாயலை இடப்பக்கமும் தருகின்றன. சீன எழுத்துகளில் பெரும்பான்மை இந்த வகைதான். கண் வந்தாலோ 'ஜிங்' என்று கொஞ்சம் விலகும், ஆகவே ஊகித்ததைச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

கிடைக்காவிட்டால்

முதலில் எண்ணிக்கையில் ஒன்று கூட்டி, பிறகு ஒன்று குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் ரேடிக்கலை மாற்றுங்கள். கதவுக்குள் வாய் உள்ள 'கேள்' (வினவு) என்ற எழுத்தைக் கதவில் தேடத் தோன்றும், ஆனால் காங்ஷி முறையில் அது வாயின் கீழ் இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால், தேடக் கடினமான எழுத்துகளுக்கென்றே பல அகராதிகள் தனிப் பட்டியல் வைத்திருக்கும். அங்கே ரேடிக்கல் எதுவென்று யோசிக்க வேண்டாம், மொத்தக் கோடுகளின் எண்ணிக்கையே போதும்.