திடீர் கணைய அழற்சி: எந்த ரத்தப் பரிசோதனையை எப்போது பார்ப்பது?

கணையம் சுரக்கும் நொதிகளான லைபேஸ், அமைலேஸ் அளவு எகிறியிருப்பதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். இயல்பின் உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் அவை நோயை உறுதிசெய்ய உதவும், தீவிரத்தைச் சொல்லாது. அவற்றைத் தினமும் அனுப்புவது வீண்.

முதலில் வலி தொடங்கிய நேரத்தைக் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். நோயாளி வந்து சேர்ந்த நேரம் வேறு, நோய் தொடங்கிய நேரம் வேறு.

வந்தவுடன் யூரியா, கிரியாட்டினின், ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), வெள்ளணு எண்ணிக்கை, கால்சியம், ஆல்புமின், சர்க்கரை, டிரைகிளிசரைடு அனுப்புங்கள். யூரியாவையும் ஹெமடோகிரிட்டையும் 6 முதல் 12 மணி நேரத்தில் ஒருமுறை, 24 மணி நேரத்தில் ஒருமுறை மறுபடி பாருங்கள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அதை இந்த இரண்டு எண்களும் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். ஹெமடோகிரிட் 44 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, திரவம் ஏற்றியும் 24 மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் கணையத் திசு அழுகும் அபாயம் அதிகம். ரத்தசோகை உள்ளவரிடம் இந்த 44 ஏமாற்றிவிடும். அவருடைய பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.

யூரியாவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நூல்கள் ஆபத்து வரம்பாகச் சொல்லும் டெசிலிட்டருக்கு 25 மி.கி. என்பது பி.யு.என். (யூரியாவிலுள்ள நைட்ரஜன் மட்டும்) அளவு. பல லேப்கள் தருவதோ மொத்த யூரியா. அதை 2.14 ஆல் வகுத்தால்தான் பி.யு.என். கிடைக்கும். யூரியா 43 என்றால் பி.யு.என். 20தான், 25ஐத் தாண்டவில்லை. அதுவே மறுநாள் 60 ஆனால் பி.யு.என். 28. ஒரே நாளில் 8 ஏறியிருக்கிறது. இந்த ஏற்றம்தான் ஆபத்தின் அறிகுறி.

அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் மெதுவாக ஏறும். முதல் நாளில் குறைவாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். வலி தொடங்கி 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 150 மி.கி.யைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் அலகு டெசிலிட்டராக இருந்தால் வரம்பு 15.

ரத்தம் மட்டும் போதாது. நோயின் தீவிரத்தைக் கணிக்கும் பைசாப் மதிப்பெண் படுக்கையருகிலேயே போடலாம்: பி.யு.என். 25க்கு மேல், மனத்தெளிவுக் குறைவு, உடல் முழுவதும் அழற்சி எதிர்வினை (சிர்ஸ்), வயது 60க்கு மேல், நுரையீரல் உறையில் நீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் உயர் கண்காணிப்புப் பிரிவுக்கு மாற்றுவது நல்லது. நாடித்துடிப்பு 90க்கு மேல், மூச்சு 20க்கு மேல், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் அல்லது 36க்குக் கீழ், வெள்ளணு 12,000க்கு மேல் அல்லது 4,000க்குக் கீழ்: இவற்றில் இரண்டு இருந்தாலே சிர்ஸ்தான்.

எண் இறங்க வேண்டும் என்று திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். 2022இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வில், அதிகத் திரவம் பெற்றவர்களுக்கு உடலில் நீர் தேங்கியதுதான் மிச்சம், நோய் தணியவில்லை. ஹெமடோகிரிட் சட்டென்று சரிந்தால் ரத்தக் கசிவையும் சந்தேகியுங்கள். திரவம் ஏற்றியும் கிரியாட்டினின் 1.8 மி.கி.க்கு மேலேயே 48 மணி நேரத்தைத் தாண்டி நின்றால், ஏற்கெனவே சிறுநீரக நோய் இல்லாதவரிடம் அது இனி முன்கணிப்பு அல்ல: நோயின் தீவிரத்தை வகைப்படுத்தும் 2012இன் அட்லாண்டா வரையறைப்படி நோய் தீவிர நிலைக்கு வந்தாயிற்று.